2002ஆம் ஆண்டு ஹார்மோன் ஆய்வு: ஒரு மறுவாசிப்பு

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்திய 'மகளிர் உடல்நல முன்னெடுப்பு' என்னும் பேராய்வின் ஒரு பகுதி, 2002 ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் கூடுகின்றன என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அஞ்சிய பெண்கள் பெருந்தொகையாக மருந்தைக் கைவிட்டார்கள். ஆய்வு கண்டது உண்மைதான். யாரிடம் கண்டது என்று கேட்காமலேயே அதை எல்லாப் பெண்களுக்கும் பொருத்தியதுதான் பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. பின்னணி

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரப்பது குறைந்துபோகிறது. உடல் திடீரெனக் கொதித்து வியர்க்கிறது, தூக்கம் கெடுகிறது, எலும்பு வலுவிழக்கிறது. சினையுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன் மருந்தான பிரீமரின் 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966இல் மருத்துவர் ராபர்ட் வில்சன், மாதவிடாய் நிற்பதையே ஒரு குறைபாட்டு நோயாகக் காட்டி நூல் எழுதினார். மருந்தின் விற்பனை பெருகியது. பெண்ணுடலின் இயல்பான ஒரு பருவத்தை நோயென்று பெயரிட்டு அச்சமூட்டியது பெருங்கேடு.

1975இல் வெளியான ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனை மட்டும் உட்கொண்டவர்களுக்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் கூடுவதைக் காட்டின. புரோஜெஸ்டின் என்னும் இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த உட்படலம் காக்கப்படும். ஆகவே கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டும், கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்பது நடைமுறையாயிற்று. பின்வரும் எண்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது.

3. எண்கள் சொல்வது

3.1 கூட்டு மருந்து

2002இல் நிறுத்தப்பட்ட சோதனையில், 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களில் ஏறத்தாழ ஒரு பாதியினர் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கூட்டு மருந்தும் மறுபாதியினர் மருந்தில்லா மாத்திரையும் பெற்றார்கள். சராசரியாக 5.2 ஆண்டுகள் கண்காணித்தபின் கிடைத்த கணக்கு இது: 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு வரக்கூடிய மார்பகப் புற்றுநோய் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 8 பேருக்கும், நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு 8 பேருக்கும், இதய நாள நோய் 7 பேருக்கும் கூடுதலாக வந்தன. பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும், இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும் குறைந்தன.

30 என்பது 38 ஆனதைத்தான் செய்தியாளர்கள் '26 விழுக்காடு அதிகம்' என்றார்கள். விழுக்காட்டை மட்டும் கேட்ட பெண், நூற்றில் 26 பேருக்குப் புற்றுநோய் வருகிறது என்று எண்ணியிருந்தால் குற்றம் அவள்மீதில்லை. அதேவேளை அந்த 8 பேரும் எவர் வீட்டுப் பெண்களோதான். எண் சிறிதென்று தள்ளிவிடவும் முடியாது.

3.2 ஈஸ்ட்ரோஜன் மட்டும்

அதே பேராய்வில், கருப்பை அகற்றப்பட்ட 10,739 பேரிடம் நடந்த சோதனை 2004இல் நிறுத்தப்பட்டது. பக்கவாதம் கூடியது, எலும்பு முறிவு குறைந்தது, மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பின் முடிவுகள் 2020இல் வெளிவந்தபோது, ஈஸ்ட்ரோஜன் உட்கொண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோயும் அதனால் நேரும் சாவும் குறைந்தே இருந்தன. 2002இன் அச்சம் இந்த இருவகை மருந்துகளையும் ஒன்றாகவே பார்த்தது.

4. வயது

கூட்டு மருந்துச் சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மருந்து இதய நோயைத் தடுக்குமா என்பதே ஆய்வின் முதன்மைக் கேள்வி. ஐம்பதில் அந்நோய் அரிது என்பதால் மூத்த பெண்கள் தேவைப்பட்டார்கள். வியர்வையில் நனைந்து நள்ளிரவில் விழிக்கும் 50 வயதுப் பெண்ணின் கேள்வியோ வேறு. அவளுக்கான விடையை அந்தச் சராசரியில் தேட முடியாது.

5. இன்றைய நடைமுறை

மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் அல்லது 60 வயதுக்குள் ஹார்மோன் மருந்தைத் தொடங்கினால், கடும் தொல்லையுள்ள பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022இல் அறிவித்தது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்த உறைவு ஆகியவை ஏற்கெனவே வந்தவர்களுக்குப் பொதுவாக இது கூடாது. இதயத்தைக் காப்பதற்காக மட்டும் தரவும் கூடாது. தோலில் ஒட்டும் பட்டை வழியே செல்லும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை. அதனால் இரத்த உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு என்றே தெரிகிறது.

முப்பதுகளிலேயே சினைப்பைகளை இழந்தவர்களையும் 2002இன் அச்சம் விட்டுவைக்கவில்லை. அந்தச் சோதனையில் 50 வயதுக்குக் குறைந்த ஒருவரும் சேர்க்கப்படவில்லை. இப்பெண்களின் எலும்பும் இதயமும் முன்கூட்டியே பாதிப்புக்குள்ளாவதால், தடையேதும் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையாவது ஈஸ்ட்ரோஜன் தரவேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல்.