சர்வீஸ் கோட்டா: கிராமத்துக்கு வரும் வழியும் வெளியேறும் வழியும்

கிராமங்களுக்கு மருத்துவர்களை எப்படி வரவழைப்பது என்ற விவாதம் பெரும்பாலும் சம்பளம், குடியிருப்பு, கட்டாயப் பணி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் மருத்துவர்களை இழுத்து வந்ததில் இவற்றைவிடப் பெரும்பங்கு பட்டமேற்படிப்பு இடத்துக்கு உண்டு. மாநிலத்தின் கையிலுள்ள இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கும் ஏற்பாட்டைத்தான் மருத்துவர்கள் ‘சர்வீஸ் கோட்டா’ என்கிறார்கள். பொதுப் போட்டியில் எம்.எஸ். ஆர்த்தோ எட்டாது என்று கணக்குப் போடும் எம்.பி.பி.எஸ். பட்டதாரி, சில ஆண்டுகளைக் கிராமத்தில் கழிக்கத் தயாராகிறார்.

இந்த ஈர்ப்பின் வலுவை நீதிமன்ற வரலாறே காட்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகள், தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் 10 விழுக்காடு வீதம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தந்தன. 2016இல் உச்ச நீதிமன்றம், எம்.டி., எம்.எஸ். இடங்களுக்கு அந்த மதிப்பெண் மட்டுமே செல்லும், தனி ஒதுக்கீடு செல்லாது என்றது. எந்த ஊர் ‘கடினமான பகுதி’ என்ற பட்டியலே அதன்பின் வழக்காகிப்போனது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்டு 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒதுக்கீடு வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

ஆனால் தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. கோட்டாவில் எம்.எஸ். முடித்தவர் தான் புறப்பட்ட சுகாதார நிலையத்துக்குப் பெரும்பாலும் திரும்புவதில்லை. திரும்பினாலும் அங்கே அவருக்கு வேலை இல்லை. காலையில் புற நோயாளிகள் வரிசை, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள், கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை. இரவுப் பிரசவத்தைப் பெரும்பாலும் செவிலியரே பார்த்துவிடுகிறார், சிக்கல் என்றால் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. அறுவை அரங்கோ மயக்க மருத்துவரோ இல்லாத இடத்தில் எலும்பு முறிவு நிபுணர் என்ன செய்வார்? மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போகிறார். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் அடுத்த ஆண்டு இன்னொரு புது எம்.பி.பி.எஸ். உட்காருகிறார்.

இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். தாலுகா மருத்துவமனையில் நள்ளிரவில் சிசேரியன் நடப்பதற்கு இந்தக் கோட்டாவில் படித்தவர்களே பெரிதும் காரணம். அங்கே வருபவர்களும் கிராமத்துப் பெண்கள்தான். மருத்துவரை அரசுப் பணியில் நிறுத்திவைக்க இது நல்ல கருவி. கிராமத்தில் நிறுத்திவைக்க அன்று. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம்.

ஜப்பானில் 1972இல் எல்லா மாகாணங்களும் சேர்ந்து நிறுவிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரைத் தேர்ந்தெடுத்து, ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணியாற்றினால் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. பயிற்சியும் பொது மருத்துவத்தை மையமாகக் கொண்டது. படிப்பும் பணியிடமும் அங்கே ஒன்றையொன்று விரட்டுவதில்லை.

நம்மிடம் அதற்கு நெருக்கமான படிப்பு குடும்ப மருத்துவம். ஆனால் அதில் இடங்களைக் கூட்டுவது மட்டும் போதாது. இன்று சுகாதார நிலைய மருத்துவருக்குக் கிடைக்கும் பதவி உயர்வு வட்டார மருத்துவ அலுவலர் நாற்காலி. அங்கே நோயாளிகளைவிடக் கோப்புகள் அதிகம். குடும்ப மருத்துவத்தில் எம்.டி. முடித்தவருக்கு அதே சுகாதார நிலையத்திலேயே நிபுணர் பதவியும் அதற்குரிய ஊதியமும் உருவாக்கப்பட வேண்டும். அந்தப் பதவி அரசாணையில் இடம்பெறாத வரை, அவரும் பட்டத்தை எடுத்துக்கொண்டு கிராமத்தை விட்டுப் போவார்.