பிடரியைப் படம் எடுங்க!

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போற வழியில், கரிசல் காட்டு உடைமரத்துல புறா உட்கார்ந்திருந்தா முகத்தைப் படம் எடுத்துப் பிரயோஜனமில்லை. பிடரியை எடுக்கணும். அங்கே கருப்பா ஓர் அரைவளையம், உடம்பு வெளிறிய சாம்பல்னா அது கள்ளிப்புறா. வளையத்துக்குப் பதிலா கருப்பில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தா புள்ளிப்புறா. அதே வளையம், ஆனா உடம்பு செங்கல் நிறம், ஆளும் சிறிசுன்னா கள்ளிப்புறாவோட பங்காளி.

நம்மூர்ல யாரும் திரும்பிப் பார்க்காத கள்ளிப்புறாவுக்குப் பெரிய வரலாறே இருக்கு. 1838-ல் ஃப்ரிவால்ட்ஸ்கி என்ற ஹங்கேரிக்காரர் வைத்த அறிவியல் பெயர் 'டெகாவோக்டோ'. கிரேக்கத்தில் பதினெட்டு என்று அர்த்தம். வருசத்துக்குப் பதினெட்டே காசு கூலி வாங்கிய வேலைக்காரியின் புலம்பலைக் கேட்ட தேவர்கள், அந்தக் கணக்கை ஊருக்குச் சொல்ல இந்தப் பறவையைப் படைச்சாங்களாம்.

அப்போ ஐரோப்பாவில் இது பால்கன் பக்கத்தோடு சரி. 1930-களில் வடமேற்கே கிளம்பி, 1955-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் கூடு கட்டிடுச்சு. 1974-ல் பஹாமாஸில் கூண்டிலிருந்து தப்பியவை, ஃபுளோரிடா வழியா அமெரிக்காவுக்குள்ளும் பரவிடுச்சு.

அங்கே முதல் கூட்டுக்கே வருசம் தெரியுது. யாரோ பார்த்து எழுதி வச்சதாலதான். நமக்கோ 'அது எப்பவும் இருக்கிறதுதானே!' எப்பவும் இருக்கிறது ஒருநாள் குறைய ஆரம்பிச்சா, எதை வச்சுங்க சொல்றது?

அடுத்த தடவை ஊருக்குப் போனா பிடரி தெரிய ஒரு படம் எடுங்க. கூடவே தேதியும் இடமும் குறிச்சு வைங்க. அதுவும் வரலாறுதான்.