வெய்யிலில் வீழ்ந்தவர்கள்

வெய்யிலில் வேலை செய்பவன் சுருண்டு விழுந்தால், அதனை விதியென்றோ உடற்பலவீனமென்றோ கூறி அமைதியடைவது வழக்கமாகிவிட்டது. விழுமுன் அவ்வுடல் பலமுறை முறையிட்டிருக்கும். அம்முறையீட்டைக் கேட்டவர் யார், கேளாதிருந்தவர் யார் என்பதை அறிய, 1931 ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ நதிக்கரையில் நிகழ்ந்தவற்றை நாம் நோக்குதல் தகும்.

இன்று ஹூவர் அணை எனப்படும் பெரும் அணைக்கட்டின் வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர் குடும்பம் குடும்பமாக அப்பாலைவனத்தை வந்தடைந்தனர். தொழிலாளருக்கான நகரை முதலில் அமைப்பதென்பதே திட்டம். ஆயினும், வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தணிக்கவென, ஒக்டோபரில் தொடங்கவிருந்த வேலையை மார்ச் மாதத்திலேயே தொடங்குமாறு ஜனாதிபதி ஹூவர் பணித்தார். நகர் எழுமுன் கோடை வந்துவிட்டது. ஆற்றங்கரைக் கூடாரங்களில் பகல் வெப்பம் 48 பாகை செல்சியஸை எட்டியது. ஜூன் 25க்கும் ஜூலை 26க்கும் இடையில், தொழிலாளரும் கரையில் வாழ்ந்தோருமாகப் 16 பேர் வெப்பத்தால் மாண்டனர்.

இத்தகைய மரணம் பெரும்பாலும் அறிகுறி காட்டியே வருகிறது. கை, கால், வயிற்றுத் தசைகள் முறுக்கிப் பிடிக்கும். தலைச்சுற்றலும் குமட்டலும் தோன்றும், தோல் வெளிறி ஈரமாகும், நாடி விரையும். அந்நிலையில் நிழலும் நீரும் ஓய்வும் கிடைப்பின் பெரும்பாலானோர் மீண்டுவிடுவர். அதனைக் கடந்தால் பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், தான் நிற்குமிடம் தெரியாதவன்போல் விழிப்பான். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்டது என்பதற்கு இவை அடையாளம். தாமதமின்றிக் குளிர்நீரால் உடலைக் குளிர்விக்காவிடின் உயிர் தங்காது. வியர்வை நின்று தோல் உலர்ந்தாலன்றி ஆபத்தில்லை என்று இன்றும் பலர் நம்புகின்றனர். இது பிழை. கடும் உழைப்பினிடையே வீழ்பவனுக்கு வியர்வை ஓடிக்கொண்டேயிருக்கலாம். ஆகவே தோலைக் காட்டிலும் பேச்சையே கவனித்தல் வேண்டும். குழறுபவன் தன் குழறலை உணரான். அருகில் மண்வெட்டியுடன் நிற்பவனே அதனை முதலில் உணர்வான். ஆனால், வேலையை நிறுத்தும் அதிகாரம் அவனிடம் இருந்ததா?

அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சுரங்கவழி தோண்டியோரிற் சிலரைக் குறைந்த கூலி வேலைகளுக்கு மாற்றியமையே உடனடிக் காரணம். எனினும், அவர்களின் கோரிக்கைகளுள் தூய குடிநீரும், வேலைத்தலத்தில் ஐஸ் நீரும் இடம்பெற்றிருந்தன. நிர்வாகம் மறுத்தது, வேலைநிறுத்தம் தோற்றது. பின்னர் நிலைமை ஓரளவு சீர்பெற்றமையையும் மறைத்தலாகாது.

மறு ஆண்டு, 1932 இல், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் களைப்பு ஆய்வுகூடத்திலிருந்து டேவிட் புரூஸ் டில் குழுவினர் அங்கு சென்றனர். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதைத் தொழிலாளரிடம் ஆராய்ந்து, உணவில் உப்பைக் கூட்டுமாறு கூறினர். ஆங்கிலேய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே மொஸ் என்பார் 1923 இலேயே இவ்வுண்மையைக் கண்டிருந்தார். ஐஸ் நீரின் தேவையையோ, எந்த ஆய்வுகூடமும் வருமுன்பே அத்தொழிலாளர் கோரிக்கையாக எழுதிக் கொடுத்திருந்தனர்.