கறளுக்கு மேலே பூசுவது எது? ஒரு சிறு வரலாறு



2020 மார்ச் மாதம் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இந்த இடைவெளியில் கொட்டிலில் தூசு படிந்து கிடந்த பழைய கார்கள் கராஜுக்கு வந்தன. கறளைச் சுரண்டி, ஏதோ ஒன்றைப் பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து அவை கைமாறின. அந்த "ஏதோ ஒன்று" என்ன என்று வாங்குபவர் கேட்பதில்லை. அதற்கு 200 ஆண்டு வரலாறு உண்டு. தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

முதலில் காரைப் பற்றி. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால், வந்து சேர்ந்த கார்களை நமது மக்கள் கண்போல் காத்தார்கள். அவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது மொரிஸ் மைனர். துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்த அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. 16 இலட்சத்துக்கும் மேல் தயாரானது.

அதற்கு முந்திய கார்கள் பலவற்றில் கீழே தனியாக ஒரு கனத்த சட்டம் இருக்கும், உடல் அதன் மேல் ஏற்றப்பட்டிருக்கும். மொரிஸ் மைனரில் தகட்டு உடலேதான் சட்டமும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியைக் கறள் தின்றால் அழகு மட்டும் போவதில்லை, எலும்பே போகிறது. கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் விரைவாக்கும்.

கறளைத் தடுக்க மனிதன் கண்ட வழிகள் மூன்று.

முதலாவது, மூடுவது. ஆளி விதை எண்ணெயில் சிவப்பு ஈயத்தைக் குழைத்துப் பூசுவது 19ஆம் நூற்றாண்டில் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் வழக்கமாக இருந்தது. பாரிஸின் ஈஃபல் கோபுரமும் இந்தப் பூச்சைக் கண்டதுதான். பின்னர் அது வாகனங்களின் அடிப்பாகத்துக்கும் வந்தது. எண்ணெய் மெதுவாகக் காய்வதால் இடுக்குகளுக்குள் ஊறும், கொஞ்சம் கறள் மிச்சமிருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஈயம் நஞ்சு, பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய வாகனத்தின் செம்மஞ்சள் நிற அடிப்பூச்சை வீட்டு முற்றத்தில் கிரைண்டர் போட்டுத் தூசாக்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. இன்று கடையில் கிடைக்கும் ரெட் ஒக்ஸைட் வேறு பொருள். அது இரும்பொட்சைட்டு. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், குணம் வேறு.

இரண்டாவது, தியாகம். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி, கப்பலின் செம்புத் தகட்டோடு நாகத் துண்டுகளை இணைத்தால் செம்பு அரிக்காது என்று காட்டினார். செம்பு தப்பியது. ஆனால் செம்பு கரையாததால் கடற்பூச்சிகள் அதில் தாராளமாக ஒட்டிக்கொண்டன, கப்பல்களின் வேகம் குறைந்தது. கடலில் பயன்படாத அந்த யோசனை தரையில் வென்றது. 1837இல் பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் சொரெல், இரும்பை உருகிய நாகத்தில் தோய்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நமது கூரைத் தகரமும் தண்ணீர் வாளியும் அந்த வழியில் வந்தவை. சாதாரணதரப் பிள்ளைகள் இதைக் கல்வனைசுப்படுத்தல் என்று படிக்கிறார்கள். பூச்சில் சிறு கீறல் விழுந்தாலும் நாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும்.

டின்னில் வரும் நாகப் பூச்சுக்கும் இதே தத்துவம்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நாகம் வெறும் இரும்பை நேரடியாகத் தொட வேண்டும். கறளுக்கு மேலே அடித்தால் நடுவில் ஒரு சுவர் எழுப்பியது போல. விலை கூடிய பெயின்ட், பலனோ பாதியும் இல்லை.

மூன்றாவது, மாற்றுவது. 1906இல் தோமஸ் கொஸ்லெட் என்ற ஆங்கிலேயர், இரும்பைப் பொசுபோரிக்கமிலத்தில் கொதிக்கவைத்து அதன் மேல் ஒரு பொசுபேற்றுப் படையை உண்டாக்கக் காப்புரிமை பெற்றார். அந்தப் படையைப் பெயின்ட் இறுகப் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் கார்த் தொழிற்சாலைகள் எல்லாம் இந்த முறைக்கு வந்தன. 1960களின் தொடக்கத்தில் ஃபோர்ட் நிறுவனம் இன்னொரு படி ஏறியது. பெயின்ட் தொட்டியில் உலோகத்தை அமிழ்த்தி மின்னோட்டம் பாய்ச்சினார்கள். தூரிகை எட்டாத மூலைக்கும் பெயின்ட் போய்ச் சேர்ந்தது. புதிய கார்கள் முன்போல் விரைவில் கறள் பிடிக்காததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

கறள் மாற்றி என்று விற்கப்படும் திரவங்களில் சில பொசுபோரிக்கமிலம், சில தனின். தனின் கறளோடு சேர்ந்து கருநீலப் பொருளாகும். இது புதிய இரசாயனம் அல்ல. மாசிக்காயும் அன்னபேதியும் கலந்து மை செய்தவர்கள் கையாண்டதும் இதுவே. 11ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவை ஆண்ட முஇஸ் இப்னு பாதீஸின் பெயரில் வழங்கும் நூல் ஒன்று இத்தகைய மைச் செய்முறைகளைச் சொல்கிறது. ஏடுகளைக் கறுப்பாக்கிய அதே தாக்கம்தான் இன்று காரின் கறளைக் கறுப்பாக்குகிறது.

ஆனால் மாற்றிக்கும் எல்லை உண்டு. இரும்பு கறளாகும்போது பல மடங்கு பருத்து, படை படையாக உரியும். மேலுள்ள மெல்லிய படையைத்தான் திரவம் தொடும். அடியில் உதிரும் கறள் இருந்தால், மேலே கறுத்திருக்கும், கீழே அரிப்பு தொடரும். அதனால் முதலில் கம்பித் தூரிகையால் உதிர்வதை எல்லாம் எடுக்க வேண்டும். உப்பைக் கழுவ வேண்டும். நன்றாகக் காய வேண்டும். மாற்றி பூசிய பிறகு அதற்கு மேல் பெயின்டும் வேண்டும், மாற்றி மட்டும் மழையைத் தாங்காது.

ஓட்டை விழுந்த இடத்துக்கு எந்தப் பூச்சும் மருந்தாகாது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதே வழி. 1990களில் நமது நாட்டின் தென்பகுதியில் மொரிஸ் மைனர் தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. அந்தக் காரைப் பிறப்பித்தவர்களும் கடைசியில் புதுத் தகட்டைத்தான் தேடினார்கள்.

ஆகவே பழைய வாகனம் வாங்குபவர்கள் இதைச் செய்யுங்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுக்க வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கலாம். கதவுக்குக் கீழ்ப் பகுதியைச் சொந்தக்காரரின் அனுமதியோடு ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். அடியில் புதிதாகத் தார் பூசியிருந்தால், ஏன் இப்போது பூசினீர்கள் என்று கேளுங்கள். வெடித்த பழைய தார் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், புதிய தார் ஓட்டையை மறைக்கும்.

நமது டிங்கர் வேலைக்காரர்களில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சுத்தம் செய்யும் வேலைக்குக் கூலி கேட்கும்போது பேரம் பேசி அதை வெட்டுபவர்கள் பெரும்பாலும் நாம்தான். பூச்சின் ஆயுளை முடிவு செய்வது அந்த வேலைதான். அதற்குரிய காசைக் கொடுப்போம்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் வைத்திருந்த கார் எது, கறளுக்கு அவர்கள் என்ன பூசினார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாடம்.