தொப்பூர் இறக்கமும் டீசல் கணக்கும்: ஒரு வழக்கத்தின் வரலாறு

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் லாரி, கட்டமேட்டைத் தாண்டியதும் தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்குகிறது. நியூட்ரலில் இறங்கக் கூடாது என்று சாலையோரம் பலகைகள் எச்சரிக்கின்றன. அப்படியும் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் வழக்கம் விட்டபாடில்லை. ஓட்டுநரின் அலட்சியம் என்று சொல்லி இதை முடித்துவிடக் கூடாது. லாரித் தொழிலில் மைலேஜ் கணக்கு வளர்ந்த விதத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், இந்த வழக்கத்தில் முதலாளிக்கும் அரசின் அளவுகோலுக்கும் பங்குண்டு என்பது புலப்படும்.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து இந்தப் பகுதியான பாராமகாலைக் கிழக்கிந்தியக் கும்பினி பெற்ற காலத்திலேயே, சேலம் சமவெளியையும் மேட்டுநிலத்தையும் இணைத்த வழிகளில் ஒன்று தொப்பூர். மோட்டார் வண்டிகள் வந்தபின் ஏற்றம் எரிபொருள் செலவானது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது தமிழகப் பேருந்துகள் பல கரிவாயுவில் ஓடின. மேட்டைக் கண்டால் திணறிய வண்டிகள் அவை. 1950களில் ஜாம்ஷெட்பூரின் டாடா-பென்ஸ் லாரிகளும் எண்ணூரின் லேலண்ட் லாரிகளும் டீசலைப் பரவலாக்கின.

1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியபின் சிக்கனம் அரசின் கொள்கையாகவே ஆனது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 1978-இல் உருவானது. அடுத்த சில ஆண்டுகளில், அன்று தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஒசூரிலிருந்து லேலண்ட் லாரிகளும் டிவிஎஸ் 50 வண்டிகளும் வெளிவந்தன. 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?' என்பது வண்டி வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியானது.

லாரித் தொழிலில் அந்தக் கேள்வி கூலியோடு பிணைந்தது. இந்த நடைக்கு, இந்த லோடுக்கு, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி கணக்கு வைப்பார். மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு லாபம். குறைந்தால் படியில் கழிவு. நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் தொழில் தெரிந்த யாருக்கும் இது புதிதல்ல. மேட்டில் இழந்த டீசலை ஓட்டுநர் எங்கே மீட்கப் பார்ப்பார்? இறக்கத்தில், நியூட்ரலில்தான்.

இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 28.5 டன் எடையுள்ள லாரியை 100 மீட்டர் உயரம் ஏற்ற ஏறத்தாழ 28 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். அதில் 40 விழுக்காட்டை இன்ஜின் உழைப்பாக மாற்றினால், 100 மீட்டருக்கு 2 லிட்டர் போகும். கடல்மட்டத்திலிருந்து சேலம் 300 மீட்டருக்குள், ஒசூர் 850 மீட்டருக்கு மேல். ஆக, சேலத்திலிருந்து ஒசூர் போக, உயரத்துக்கு மட்டுமே சுமார் 11 லிட்டர்.

இறங்கும்போது அதே ஆற்றல் எங்காவது கழிந்தாக வேண்டும். கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் அந்தப் பங்கும் பிரேக் டிரம்மில் சூடாக இறங்கும். சூடேறிய லைனிங் பிடிக்காது. இன்ஜினையே நிறுத்திவிட்டால் ஏர் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் நின்றுபோகும். ஒவ்வொரு மிதிக்கும் காற்றுத்தொட்டி குறையும்.

உண்மையில் இந்த இறக்கத்தில் நியூட்ரலால் டீசல் மிச்சமாவதே இல்லை. மெல்லிய சரிவில் வண்டி தானே உருண்டு போகும் தூரம் கூடும். அங்கே கொஞ்சம் பயன் உண்டு. பிரேக் மிதித்தே தீர வேண்டிய சரிவில் அந்தப் பயன் இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின் டீசலையே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் ஐடிலிங்குக்கு மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். சமவெளியில் பழகிய கைப்பழக்கம் மலைக்கும் வந்துவிட்டது. இதை ஓட்டுநரிடம் எண்களோடு யாரும் விளக்காதது பெருங்குறை.

அரசின் அளவுகோலும் மேடு பள்ளம் அறியாதது. கார்களின் அறிவிக்கப்பட்ட மைலேஜ், ஆய்வுக்கூட உருளைகள் மீது, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஓட்டத்தில் அளக்கப்படுகிறது. கனரக லாரிகளுக்கு 2017-இல் அறிவித்த விதியோ, மணிக்கு 40, 60 என்ற மாறாத வேகங்களில் அளக்கிறது. தொப்பூரில் மாறாத வேகம் என்று ஒன்று கிடையாது. அங்கே ஓடும் வண்டியின் செலவுக்கு அந்த எண் சான்றாகாது.

இதற்கிடையே விலைச் சுமையும் லாரியின் சுமையும் கூடின. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூனில் விலையை நாள்தோறும் மாற்றும் முறை வந்தது. 2018 ஜூலையில் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. அதே இறக்கத்தில் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஏழில் ஒரு பங்கு கூடியது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் தொப்பூரில் நடந்த தொடர் மோதல்களில் தலா 4 பேர் இறந்தார்கள். அங்கே 6.6 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை திட்டமிடப்பட்டது.

சாலை மாறினாலும் டீசல் கணக்கு மாறாவிட்டால் போதாது. புதிய லாரிகளில் வரும் கண்காணிப்புக் கருவி, நியூட்ரலில் ஓடிய தூரத்தையும் முதலாளியின் கைப்பேசிக்கு அனுப்பக்கூடியது. அதைப் படியில் பிடித்தம் செய்யப் பயன்படுத்தும் முன், சேலம்–ஒசூர் நடைக்கு அந்த 11 லிட்டரைத் தனியே ஒதுக்க வேண்டும். இறக்கத்து டீசலை மைலேஜ் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.