காப்பு உடையும் முன்: மின்னிறக்க ஆய்வும் சித்தூர் வயல்வெளியும்

1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் ஆதரவுடன் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் வகுத்த திட்டம் அது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. அது சென்று முடிந்த தங்கவயல், இன்றைய சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பகுதிக்கு அண்டையில் உள்ளது. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து சென்ற குடும்பத்தினர்.

முப்பதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அந்த அழுத்தம் முழுவதையும் மண்ணிலிருந்து பிரித்து நிறுத்தியவை பீங்கான் கிண்ணங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் எந்தப் பீங்கான் உள்ளுக்குள் விரிந்துள்ளது என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி அன்று இல்லை. தடம் நெடுக நடப்பவரின் கண்ணும் காதுமே கருவிகள். இரவில் தெரியும் நீல ஒளி, ஈரக் காற்றில் கேட்கும் சீறல் ஆகியவையே அவருக்குக் கிடைத்த அறிகுறிகள்.

மின்துறையின் வரலாறு பெரும்பாலும் அழுத்தம் ஏறிய வரலாறாகவே எழுதப்படுகிறது. அதனுள் இன்னொரு வரலாறும் ஓடுகிறது. முறிவு நிகழ்வதற்கு முன் தோன்றும் அறிகுறிகளை மனிதர்கள் வாசிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு அது. அந்த வாசிப்பு யாருடைய கருவிகளுக்குக் கிடைத்தது, யாருடைய கருவிகளுக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விக்குச் சித்தூர்–திருப்பதி வட்டாரம் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது.

தமிழ்க் கலைச்சொல் மரபு இத்துறைக்கு ‘மின்காப்பு’ என்ற சொல்லைத் தந்துள்ளது. காப்பு என்பது மணிக்கட்டில் அணிவது. திருவிழாவுக்கு முன் கட்டுவது. நூல் இடையூறின்றி முடிய வேண்டித் தொடக்கத்தில் பாடுவது. மூன்றிலும் பொதுவாக நிற்கும் பொருள், தீங்கு வருமுன் காத்தல். மின்மாற்றிக்குள் செப்புச் சுற்றுகளை மூடியிருக்கும் காகிதமும் அதை நனைத்திருக்கும் எண்ணெயும் செய்வது இதுவே. அந்தக் காப்பு பெரும்பாலும் ஒரே நாளில் உடைவதில்லை. பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், அது நலிந்துகொண்டே வருகிறது. நலியும் காலத்தில் அது வெளியிடும் குறிகளே ஆய்வின் பொருள்.

அக்குறிகளில் முதலாவது ஒரு படமாக வெளிப்பட்டது. 1777இல் கோட்டிங்கன் நகரில் லிச்டன்பெர்க் என்னும் இயற்பியலாளர், மின்னூட்டம் பெற்ற பிசின் தட்டின்மீது தூசி படிந்து விண்மீன்களாகவும் கிளைகளாகவும் வடிவெடுப்பதைக் கண்டார். மின்னிறக்கம் தான் சென்ற வழியை எழுதிவைத்துவிட்டுப் போகிறது என்பதற்கு அது முதற்சான்று. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1889இல், ஜெர்மானியரான பாஷென், ஒரு வாயு எவ்வளவு மின்னழுத்தத்தில் முறியும் என்பது அதன் அமுக்கமும் இடைவெளியும் பெருகிவரும் அளவைப் பொறுத்தது என்று நிறுவினார். அதே 1889இல் இங்கிலாந்தில் சிட்னி எவர்ஷெட் மின்காப்பின் தடையை அளக்கும் கையடக்கக் கருவியை உருவாக்கினார். அதன் வழிவந்ததே பின்னர் ‘மெக்கர்’ என்று பெயர் பெற்றது. இன்றும் துணைமின்நிலையப் பணியாளர் முதலில் எடுப்பது அதைத்தான்.

பாஷென் விதி திண்மக் காப்பின் உள்நோயையும் விளக்கியது. காகிதத்திலோ பிசினிலோ வார்ப்பின்போது ஒரு சிறு காற்றுக்குமிழ் சிக்கிவிட்டதாகக் கொள்வோம். திண்மப் பொருளைவிடக் காற்றின் மின்காப்பு மாறிலி குறைவு. ஆகவே குமிழுக்குள் மின்புலம் சுற்றுப்புறத்தைவிட மிகுதியாக விழுகிறது. ஆனால் அதைத் தாங்கும் வலிமை காற்றுக்குத்தான் குறைவு. திண்மம் முழுதாக நிற்கும்போதே குமிழ் மட்டும் முறிகிறது. ஒவ்வொரு மின்சுழற்சியிலும் இது மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. இரு முனைகளையும் இணைக்காமல் இடையிலேயே முடிந்துபோவதால் இதற்குப் ‘பகுதி மின்னிறக்கம்’ என்று பெயர். ஒரு முறை நிகழ்வதால் கேடில்லை. கோடிக்கணக்கான முறை நிகழும்போது குமிழின் சுவர் அரிக்கப்படுகிறது. அங்கிருந்து மரக்கிளை போன்ற நுண்தடங்கள் வளர்கின்றன. லிச்டன்பெர்க் தூசியில் கண்ட கிளைகள், இங்கே காப்பின் உடலுக்குள்ளேயே வளர்கின்றன. கிளை மறுமுனையைத் தொடும் நாளில் மின்மாற்றி வெடிக்கிறது.

இந்த உள்நோயை வெளியிலிருந்து அறிய இருபதாம் நூற்றாண்டு பல வழிகளைக் கண்டது. 1920இல் ஹரால்ட் ஷெரிங் அமைத்த மின்சமனி, காப்பில் வீணாகும் ஆற்றலை ஒரு கோணமாக அளந்தது. நல்ல காப்பில் அக்கோணம் மிகச் சிறியது. ஈரமும் முதுமையும் ஏற அது விரிகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தும்போது சட்டென ஏறினால் உள்ளே குமிழ்கள் பொறிவிடுகின்றன என்று பொருள். 1921இல் மாக்ஸ் புக்கோல்ஸ், மின்மாற்றியின் எண்ணெய்த் தொட்டிக்கும் மேலே உள்ள சேமக்கலத்துக்கும் இடையிலான குழாயில் ஒரு மிதவையைப் பொருத்தினார். உள்ளே சிறு பழுது ஏற்பட்டால் எண்ணெய் சிதைந்து வாயு எழும், வாயு சேரச் சேர மிதவை தாழும், மணி ஒலிக்கும். மின்மாற்றி தன் நோயைத் தானே அறிவிக்கும் முதல் ஏற்பாடு அது.

1964இல் நெதர்லாந்தின் க்ரூகர் மின்னிறக்கத்தைக் கண்டறியும் முறைகளைத் தனி நூலாகத் தொகுத்தார். 1968இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் பகுதி மின்னிறக்க அளவீட்டுக்குத் தரநெறி வகுத்தது. பிகோகூலும் என்னும் மிகச் சிறிய மின்னூட்ட அளவில் துடிப்புகள் எண்ணப்பட்டன. துடிப்பு எவ்வளவு பெரிது என்பதோடு, மின்னலையின் எந்தக் கட்டத்தில் அது தோன்றுகிறது என்பதும் பொருள் உடையதாயிற்று. ஒரே ஒலி சொல்லின் முதலில் நிற்பதும் இடையில் நிற்பதும் வேறு வேறு பயன் தருவதைப் போல, உட்குமிழின் துடிப்பும் கூர்முனைச் சீறலும் அலையின் வேறு வேறு இடங்களில் அமர்ந்து தம்மை வேறுபடுத்திக் காட்டின. 1974இல் கனடாவின் மிஷேல் துவால், எண்ணெயில் கரைந்த வாயுக்களின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் குறித்து நோயின் வகையைச் சொல்லும் முறையை வெளியிட்டார். பகுதி மின்னிறக்கத்தில் ஹைட்ரஜன் முதன்மையாக எழும். மின்வில் எரிந்திருந்தால் அசிட்டிலீன் மிகும். காகிதம் கருகினால் கார்பன் மோனாக்சைடு ஏறும். ஒரு குப்பி எண்ணெய் ஒரு நோயாளியின் இரத்தமாதிரி போலாயிற்று.

இந்த அறிவு தென்னிந்தியாவுக்குத் தாமதமாக வந்தது என்று கூற இயலாது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் 1911இலேயே மின்தொழில்நுட்பத் துறை ஆல்பிரட் ஹேயின் தலைமையில் தொடங்கியது; பின்னர் அங்கே உயர் மின்னழுத்தப் பொறியியலுக்குத் தனித் துறையே அமைந்தது. 1959இல் சென்னை ஐ.ஐ.டி. ஜெர்மானிய உதவியுடன் தொடங்கியது. 1960இல் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் நிறுவப்பட்டது. அக்கழகத்தின் எம்.எஸ்.நாயுடுவும் வி.காமராஜுவும் இணைந்து எழுதிய உயர் மின்னழுத்தப் பொறியியல் பாடநூல் நாடெங்கும் கல்லூரிகளில் இத்துறையின் நுழைவாயிலாக அமைந்தது. வரைபடத்தில் பார்த்தால், சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையிலான நெடுஞ்சாலையின் நடுவே அமைந்திருக்கிறது சித்தூர். இரு பெரும் ஆய்வு மையங்களும் அதற்கு ஒரு நாள் பயணத்துக்குள் உள்ளவை.

சித்தூரின் ஆட்சி வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த வட்டங்களைக் கொண்டு உருவான மாவட்டம் அது. 1953 வரை சென்னை மாகாணத்திலும் மாநிலத்திலும் இருந்தது. பைக்காராவையும் மேட்டூரையும் கட்டிய அதே சென்னை அரசின் ஆளுகைக்குள்தான் அதன் மின்மயமாக்கத்தின் தொடக்கக் கதையும் அடங்கும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1954இல் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும் 1959இல் அதன் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. அதே 1959இல் ஆந்திரப் பிரதேச மாநில மின்வாரியம் உருவாயிற்று. வாரியம் பிரிக்கப்பட்டு 2000இல் விநியோக நிறுவனங்கள் தோன்றியபோது தென்பகுதி நிறுவனத்தின் தலைமையிடம் திருப்பதியானது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. பொறியியல் கல்வி, மின்விநியோக ஆளுகை இரண்டும் ஒரே நகரில் உள்ளன.

அந்நகரைச் சுற்றியுள்ள மண், வற்றாத பேராறு இல்லாத மண். கரும்பும் மாவும் நிலக்கடலையும் நெல்லும் பெரிதும் ஏரியையும் நிலத்தடி நீரையும் நம்பியவை. கிணறு வற்றிய இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆழம் கூடக் கூட மோட்டாரின் குதிரைத்திறன் கூடியது. 2004இல் ஆந்திரத்தில் வேளாண்மைக்குக் கட்டணமில்லா மின்சாரம் அறிவிக்கப்பட்டது. வழங்கும் நேரம் ஒரு நாளில் சில மணிகள். மின்சாரம் வரும் நேரத்தில் தாமாகவே ஓடத் தொடங்கும்படி மோட்டார்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டன. மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் இயல்பைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு மின்மாற்றியின் கீழுள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நொடியில் எழும்போது அதன் சுற்றுகள் அதிர்கின்றன, காகிதம் தளர்கிறது.

வெப்பம் அடுத்த பகை. 1930இல் அமெரிக்கப் பொறியாளர் மான்சிங்கர், வெப்பநிலை 8 பாகை உயரும்போதெல்லாம் மின்மாற்றிக் காகிதத்தின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்று காட்டினார். ராயலசீமையின் கோடையில், மிகைச்சுமை ஏறிய ஒரு சிறு மின்மாற்றிக்கு அந்தக் கணக்கு என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. இவற்றுடன் குறைந்த எண்ணெய், உள்புகும் ஈரம், மூன்று கட்டங்களிலும் சமமற்ற சுமை, உரிய உருகிக்குப் பதிலாகக் கட்டிய தடித்த கம்பி, கோடை மழையின் இடி ஆகியவையும் சேர்கின்றன.

நீண்ட தாழ்வழுத்தக் கம்பிகளைக் குறைத்து, 11 கிலோவோல்ட் தொடரையே வயல்வரை கொண்டுசென்று, சில மோட்டார்களுக்கு ஒரு சிறு மின்மாற்றி வைக்கும் முறை பின்னர் ஆந்திரத்தில் பரவலாக்கப்பட்டது. இழப்பும் மிகைச்சுமையும் குறைய அது உதவியது. ஆனால் காக்கப்பட வேண்டிய மின்மாற்றிகளின் எண்ணிக்கையும் அதனால் பெருகியது.

இங்கேதான் வரலாறு இரண்டாகப் பிரிகிறது. 400 கிலோவோல்ட் துணைமின்நிலையத்தின் மின்மாற்றிக்கு எண்ணெய்ச் சோதனை, இழப்புக்கோண அளவீடு, புக்கோல்ஸ் மிதவை, தேவையெனில் பகுதி மின்னிறக்கச் சோதனை எல்லாம் உண்டு. வயலோரக் கம்பத்தின்மீதுள்ள சிறு மின்மாற்றியில் புக்கோல்ஸ் மிதவை பொதுவாக இருப்பதில்லை. கரைந்த வாயுவைப் பகுத்தாய அனுப்பும் செலவு அதன் விலையோடு பொருந்தாது என்பது கணக்கு. ஆகவே அது கெடும்வரை ஓடுகிறது, கெட்டபின் இறக்கப்படுகிறது.

ஒழுங்குமுறையும் அக்கணக்கையே ஏற்றிருக்கிறது. ஆந்திர மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் சேவைத் தரநெறி, பழுதான விநியோக மின்மாற்றியை நகரத்தில் 24 மணி நேரத்திலும் ஊரகத்தில் 48 மணி நேரத்திலும் மாற்ற வேண்டும் என்கிறது. தேவையான விதி அது. ஆயினும் அதன் கடிகாரம் முறிவுக்குப் பின்னரே ஓடத் தொடங்குகிறது. இருநூறு ஆண்டு மின்னிறக்க ஆய்வு கற்பித்ததோ முறிவுக்கு முந்தைய காலத்தைப் பற்றியது. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் இரண்டு நாள் நீர் நின்றால் ஏற்படும் இழப்பு மின்மாற்றியின் விலைப்பட்டியலில் இல்லை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சோதனை செலவு மிக்கது என்ற முடிவு அவ்வளவு உறுதியாக நிற்காது.

எளிய வாசிப்புகளுக்குப் பெரிய ஆய்வகமும் தேவையில்லை. எவர்ஷெட்டின் வழிவந்த மெக்கர், எண்ணெய் மட்டம், மூன்று கட்டங்களின் சுமை, நிலத்தொடர்பின் தடை ஆகிய நான்கும் உள்ளூர்ப் பணியாளரின் கைக்கு எட்டுபவை. பல மின்மாற்றிகளின் பக்கத்தில் தொங்கும் மூச்சுக்குப்பி இன்னும் எளியது. உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஈரத்தை அதிலுள்ள சிலிக்கா ஜெல் உறிஞ்சுகிறது. உலர்ந்திருக்கும்போது நீலமாக இருக்கும் பழைய வகை ஜெல், ஈரம் நிறைந்தால் இளஞ்சிவப்பாக மாறும். அந்நிறம் மாறியபின் எண்ணெய்க்குள் ஈரம் நுழைகிறது. ஈரம் நுழைந்த காப்பில் மின்னிறக்கம் எளிதாகிறது. ஆய்வகங்கள் வகுத்த நீண்ட வாசிப்பு மரபின் முதல் எழுத்து அந்த நிறம். அது வரப்பில் நிற்பவரின் கண்ணுக்கு நேராகவே தொங்குகிறது. அதைப் படிப்பதையும், படித்தவுடன் ஒருவர் வந்து மாற்றுவதையும் விதியாக்குவதே எஞ்சியிருக்கும் பணி.