சென்னை மாநகராட்சி வரவு செலவுத் திட்டம்

பெருநகர சென்னை மாநகராட்சி, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டுக்காக ரிப்பன் மாளிகையில் கூடும் மாமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்றும் நிதிநிலை அறிக்கை. வருவாய், மூலதனம், தொடக்கக் கல்வி என்று கணக்குகள் தனித்தனியே வைக்கப்படுகின்றன. சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளுதல், தெருவிளக்கு, கொசு ஒழிப்பு போன்ற அன்றாடச் செலவுகள் வருவாய்க் கணக்கில் சேரும். பாலமும் மழைநீர் வடிகாலும் மூலதனக் கணக்கில் வரும். சொத்து வரி, தொழில் வரி, முத்திரைத்தாள் தீர்வையின் மீதான கூடுதல் வரி, மாநில நிதி ஆணையம் பகிர்ந்தளிக்கும் தொகை ஆகியவை முதன்மை வரவுகள்.

இந்த மாநகராட்சி பிறந்ததே வரித் தகராறில்தான். 1680களில் கிழக்கிந்தியக் கம்பெனி விதித்த வீட்டு வரியை நகரவாசிகள் கடுமையாக எதிர்த்தனர். லண்டனிலிருந்து கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்ட் இதற்கு ஒரு வழி கண்டார். அதிகாரத்தால் சுமத்தும் ஆறு பென்ஸைக் கொடுக்க முணுமுணுப்பவர்கள், தாமே தமக்கு விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மனமுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று நத்தானியேல் ஹிக்கின்ஸன் மேயராகப் பதவியேற்றார். ஆல்டர்மேன் எனப்படும் மன்ற உறுப்பினர்களில் இந்தியரும் இருந்தனர். நகர மண்டபம், சிறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் கட்ட வரி விதிக்கும் உரிமையும் தரப்பட்டது. ஆனால், சைல்ட் எதிர்பார்த்தபடி பணம் சேரவில்லை; மேயர் அமைப்பு நாளடைவில் நீதிமன்றமாகவே மிஞ்சியது. வீட்டின் ஆண்டு மதிப்பைக் கணித்து வரி வாங்கும் அதிகாரம் 1793ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைதி நீதிபதிகளுக்குக் கிடைத்தது. ஆண்டு மதிப்பே இன்றைய சொத்து வரிக்கும் அடிப்படை.

1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு பி. தியாகராயச் செட்டியார் மன்றத் தலைவரானார். செலவுக் கணக்கில் வரலாறு படைத்த பதிவு ஒன்று அப்போது எழுதப்பட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்க 1920 செப்டம்பரில் மன்றம் ஒப்புதல் தந்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவி, பிள்ளைகளின் வருகையும் கூடியது. ஆனால், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு தடுத்ததால் 1925 ஏப்ரல் 1 முதல் அது நின்றுபோனது. பசியை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்பதே அன்றைய சிக்கல்!

மஸ்டர் ரோல் (ஊழியர் வருகைப் பதிவேடு) ஊழலை அடுத்து 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. 1996 தேர்தல் வரை அதிகாரிகள் எழுதிய கணக்கை அதிகாரிகளே நிறைவேற்றினர். இதற்கிடையே, 1978இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைந்து பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சாலை, விளக்கு, வடிகால் செலவுகளும் அதற்கேற்ப ஏறின. 2016இல் மன்றத்தின் காலம் முடிந்தபின் மீண்டும் தனி அலுவலர் ஆட்சி. மேயர் பிரியா தலைமையிலான மன்றம் 2022 ஏப்ரல் 9 அன்று கண்ட பட்ஜெட், ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தது.

சொத்து வரியை உயர்த்த எல்லா ஆட்சிகளும் தயங்கியிருக்கின்றன. 1998க்குப் பிறகு 2018இல்தான் பொதுச் சீராய்வு நடந்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019இல் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் பழைய மாநகராட்சிப் பகுதிக் குடியிருப்புகளுக்கு, 600 சதுர அடி வரை 50 விழுக்காடு என்று தொடங்கி, 1,800 சதுர அடிக்கு மேல் 150 விழுக்காடு வரை வரி உயர்ந்தது. உயர்வின் அளவைத் தீர்மானித்தது அரசாணை. மாமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது. சொத்து வரி ஆண்டுக்கு இரு தவணையாகக் கட்டப்படுகிறது. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டுவோருக்கு 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு.